இடமிருந்தால் உள்ளே வரலாம்

எங்கள் பேரூராட்சியில் மன்றக் கூட்டத்தை ஊர்சனம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. "இடமிருந்தால்" என்ற வார்த்தையைத் தலைவர் சிங்காரவேலு தானாகச் சேர்த்துக்கொண்டார். விதிக்கு என்ன வாயா இருக்கிறது, வேண்டாமென்று சொல்ல?

அதுவரை யாரும் அங்கே எட்டிப் பார்த்தது கிடையாது. லீலா மேரிதான் முதலில் போனாள். வடிகால் இல்லாமல் அவள் வாசலில் சாக்கடை தேங்கி, தவளைகள் அதில் பேரன் பேத்தி எடுத்துவிட்டன. வார்டு கவுன்சிலர் ஆண்ட்ரூஸைக் கேட்டால், "மன்றத்துல கர்ஜிச்சுட்டேன்க்கா. தலைவர்தான் அசைய மாட்டேங்குறார்" என்பான். அந்தக் கர்ஜனையைத் தன் காதால் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு.

தலைவர் வாசலிலேயே மறித்தார். "இடமில்லம்மா."

"அந்த மூலை சும்மாத்தானே கெடக்கு?"

அடுத்த கூட்டத்துக்குள் மூலையில் ஒரு பீரோ நின்றது. ஜெயங்கொண்டத்துப் பட்டறையில் செய்த இரும்புச் சரக்கு. அவள் கதவோரத்தைக் காட்டினாள், அங்கேயும் பீரோ. நடுவில் ஒரு முக்காலி போடலாமே என்றாள், நடுவிலும் பீரோ. உள்ளே வைக்க ஒன்றுமில்லாததால், ஒரு பீரோவின் சாவியை இன்னொன்றில் வைத்துப் பூட்டினார்கள்.

ஒரு கூட்டத்தன்று தலைவர் ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். பின்னால் வந்த கவுன்சிலர்களுக்கு இடமில்லை. திரும்பலாமென்றால், தலைவரின் தொப்பை இரண்டு பீரோவுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

"கூட்டத்தை ஒத்தி வைங்க!" என்றார் ஜன்னல் வழியாக.

"கோரத்துக்கு வேண்டிய கவுன்சிலருங்க பூரா வெளிய இருக்காங்க சார்," என்றார் செயல் அலுவலர் வளர்மதி. வேப்பமரத்தடியில் கூட்டம் தொடங்கிவிட்டது. முந்திரி உடைக்கிற பெண்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நானும் ஓரமாக நின்றேன். ஆண்ட்ரூஸ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றாள் லீலா மேரி, "உள்ள கர்ஜிச்சியே, அதையே இன்னொரு தடவ."

எழுந்தான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"இதுக்கா தவளை பயப்படும்?" என்றாள் ஒருத்தி.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வடிகால்!" என்று கத்தினான் பாருங்கள், உள்ளே அத்தனை பீரோவும் பூட்டுத் தெறித்துத் திறந்துகொண்டன. கதவுகளெல்லாம் தலைவரை இன்னும் நெருக்கின.

"கட்டுங்கய்யா! தீர்மானம் பாஸு!" என்று ஜன்னலிலிருந்து அலறல்.

வடிகால் கட்டியாயிற்று. தலைவர் இளைத்து வெளியே வருவதற்குள் அடுத்த கூட்டமே வந்துவிட்டது. அதுவரை ஜன்னல் வழியாக அவருக்கு இட்லி கொடுத்தது லீலா மேரிதான். கொடுக்கும்போதெல்லாம் மரியாதையாகக் கேட்பாள்: "உள்ள இடமிருக்குங்களா சார்?"