கன்னத்தை நிரப்பச் சொன்னவர்

கிறுக்கி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அண்ணன். சின்ன வயதில் கையில் கிடைத்த காகிதம், சுவர், புதுத்துணி என்று எதையும் விடாமல் கிறுக்கியதால் வந்த பெயர். வளர்ந்து கம்ப்யூட்டரில் கிறுக்க ஆரம்பித்த பிறகும் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. வெளியில் எல்லோருக்கும் அவள் மேடம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒரே ஒரு அறை. அங்கே அவளும் அண்ணியுமாகத் தொழில் நடத்தினார்கள். சமூக வலைத்தளங்களில் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு, அந்தப் பக்கத்தின் தலைமாட்டில் அகலமாக வரும் முகப்புப் படத்தை அவரவருக்கென்று வடிவமைத்துக் கொடுப்பாள் கிறுக்கி. போன் எடுப்பது, வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது, இழுத்தடிப்பவர்களை விரட்டுவது எல்லாம் அண்ணி.

பல் டாக்டர் வருவார், டிரைவிங் ஸ்கூல்காரர் வருவார், பாட்டு மாஸ்டர் வருவார். எல்லோருக்கும் தாங்கள் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும். குளியலறை அகலத்துக்கு ஓர் இடத்தில் டியூஷன் நடத்துகிறவர் பின்னால் கண்ணாடிக் கட்டடம் கேட்பார். கிறுக்கி அதைச் சளைக்காமல் செய்வாள். ஆளை வெட்டி வேறோர் இடத்தில் ஒட்டுவது யாருக்கும் வரும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நிழலைச் சாய்ப்பதும், தலைமுடி ஓரத்தில் பழைய சுவரின் நிறம் ஒட்டாமல் எடுப்பதும்தான் அவளுக்குக் கைவந்த வித்தை.

"கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடறவகூட முகத்தோட நிறுத்திக்கறா. நீ வீடு வாசலுக்கே போடற" என்பாள் அண்ணி.

டைல்ஸ்காரர் அவர்களிடம் வந்தது மழைக்காலத்தில். கால்மிதியில் செருப்பை அழுந்தத் துடைத்துவிட்டு, முன்னால் வந்தவரின் வேலை முடியும்வரை மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் டைல்ஸ் விற்கும் பெரிய கடை அவருடையது. குரலை உயர்த்தாத மனிதர். கடையின் பக்கத்துக்காக முதலில் போட்டுக் காட்டிய படத்திலேயே திருப்தி என்றார். இப்படி ஒரு வாடிக்கையாளர் அமைவது லாட்டரி அடித்த மாதிரி என்று அண்ணி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை அவர் வந்தது மனைவியின் பக்கத்துக்காக. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தவள் அவள். பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இப்போது உடம்பைக் கவனித்துக்கொள்ள அடுப்பை நிறுத்திவிட்டு ஊர் ஊராகப் போய் வருகிறாள், ஆனால் கூச்ச சுபாவம், போகிற இடத்தில் படம் எடுக்க விடமாட்டாள் என்றார் அவர். பழைய படங்களில் இருக்கும் மனைவியை எடுத்துக் கடற்கரையிலோ மலையிலோ நிற்க வைத்து மாதம் ஒரு முகப்புப் படம் போட்டுத் தர வேண்டும். பக்கம் செத்துப்போய்விடக் கூடாது, அவ்வளவுதான். படத்தை நேராகப் பக்கத்தில் ஏற்றும் உரிமையையும் கிறுக்கிக்கே கொடுத்தார்.

கேக்கம்மாள் என்று அண்ணி அவளுக்குப் பெயர் வைத்தாள். உருண்டையான முகம், சிரித்தால் கண் மறைந்துவிடும். கிறுக்கி அவளை முதலில் கடலோரம் நிறுத்தினாள், பிறகு ஒரு மலைப்பாதையில், பிறகு பனி பெய்யும் ஊரில் கழுத்துக்குத் துண்டு சுற்றி. ஒரே சட்டையை நிறம் மாற்றி மாற்றி உடுத்திவிட்டாள். ஒவ்வொரு முறையும் கீழே கருத்துகள் வந்து குவிந்தன. கொடுத்து வைத்தவள், எங்களையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா, எப்போது திரும்ப கேக் செய்வீர்கள் என்று.

அந்தக் கூட்டத்தில் ஒரு குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வெளிநாட்டில் வேலையில் இருந்த கேக்கம்மாளின் தங்கை அது. ஒவ்வொரு படத்துக்குக் கீழும், அக்கா என் போனை ஏன் எடுப்பதில்லை, ஒரு நிமிஷம் பேசு என்று எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் மட்டும் போயிருந்தது. அக்கா தங்கைக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டு கிறுக்கி அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் டைல்ஸ்காரர் புதுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய படமாகவே வருகிறது என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம்.

படத்தில் இருந்த பெண்ணைக் கிறுக்கிக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. புத்தம் புது நீல உடுப்பு, தோளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அதற்குள் இருந்த உடம்புக்கு அது இரண்டு அளவு பெரியது. முடியைக் கத்தரிக்கோலால் கொத்தி விட்டதுபோல் இருந்தது. உதடு சிரித்தது, கண் மறையவில்லை.

"உடம்பு சரியில்லாம கொஞ்சம் இளைச்சுட்டா மேடம். கன்னத்தை மட்டும் முன்ன இருந்த மாதிரி நிரப்பிடுங்க. பின்னாடி இருக்கிற கதவு வேண்டாம், நல்ல ஹோட்டலா வெச்சிடுங்க" என்றார் அவர்.

கன்னத்தை நிரப்பச் சொல்லி எத்தனையோ பேர் வருவார்கள். பழைய படத்தை அருகில் வைத்துக்கொண்டு அவள் நிரப்பினாள், முடியை வளர்த்தாள், கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை எடுத்தாள். ஓரம் பிசிறில்லாமல் வெட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கதவைப் பார்த்தாள். கூடத்திலிருந்து ஏதோ ஓர் அறைக்குள் போகும் கதவு. கூடத்துப் பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கனமான இரும்புத் தாழ்ப்பாள்கள். திருகாணிகள் புதிதாகப் பளபளத்தன. கதவின் அடியில் ஒரு தட்டு நுழையும் அளவுக்குச் சதுரமாக அறுத்து ஒரு திறப்பு. மனதில் ஏதோ நெருடியது. ஆனால் கை பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதவு இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கும் பூச்சாடியும் வைத்த மேஜைகள் வந்தன.

டைல்ஸ்காரர் குனிந்து திரையைப் பார்த்தார். "உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார். அண்ணி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

படம் ஏறிய மறுநாள் காலை கிறுக்கி பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தங்கை எழுதியிருந்தாள்: அக்கா, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன். டிக்கெட்கூட பார்த்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. நீ நன்றாக இருக்கிறாய், அது போதும், நான் அடுத்த வருஷம் வருகிறேன்.

வந்துகொண்டிருந்த ஒருத்தியைத் தடுத்து நிறுத்தியது தான் நிரப்பிய கன்னம் என்பது கிறுக்கிக்கு உறைத்தது.

அண்ணியிடம் மூலப்படத்தைக் காட்டினாள். நம் வேலை படம் செய்வதோடு சரி, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தில் தலையிட்டால் நம் தலைதான் உருளும் என்று முதலில் அண்ணி சொன்னாள். பிறகு படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, ஜன்னலோரம் போய் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

"நாய்க்குச் சோறு தள்ற ஓட்டை மாதிரி இருக்குடி."

இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் படத்தைப் பார்த்தார், அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவு எந்த வீட்டில் இருக்கிறது, ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் யாராவது வந்து எழுதிக் கொடுத்தால் விசாரிக்கலாம் என்றார். அவர்கள் கிளம்பும்போது பெயரையும் வீட்டு முகவரியையும் மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார். தங்கைக்குக் கிறுக்கி தன் சொந்தக் கணக்கிலிருந்து செய்தி அனுப்பினாள். முன்பின் தெரியாதவர்களின் செய்தி எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் அது திறக்கப்படாமல் கிடந்தது.

அந்த வாரமே, சொல்லாமல் கொள்ளாமல் டைல்ஸ்காரர் வந்தார். வழக்கம்போல் செருப்பைத் துடைத்தார். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. மனைவியின் பழைய படம், புதுப்படம் எதுவும் இங்கே இருக்க வேண்டாம், தன் கண் முன்னாலேயே அழித்துவிட்டால் நிம்மதி என்று நிதானமாகச் சொன்னார். பெண் பிள்ளையின் படம் பாருங்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது என்றார்.

கிறுக்கி ஒவ்வொன்றாக அழித்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது. குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னார். செய்தாள்.

"உங்க வீட்டு வாசப்படியில ரெண்டு டைல்ஸ் உடைஞ்சிருக்கே மேடம். உங்க அம்மா தடுக்கி விழுந்துடப் போறாங்க. ஆள் அனுப்பட்டுமா?"

வீடு எங்கே இருக்கிறது என்று அவரிடம் அவள் சொன்னதில்லை. காவல் நிலையத்தில் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அடுத்த மாதத்துக்கு மனைவியை ஏதாவது தீவில் நிற்க வைக்கலாமே, இருக்கும் முகப்பிலிருந்தே முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் டம்ளரை மேஜை விளிம்பில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணி கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கதவுப் படம் என் போன்ல இருக்கு" என்றாள் அண்ணி.

"அவருக்கு நம்ம வீடு தெரிஞ்சிருக்கு அண்ணி."

"தெரிஞ்சிருக்கு. நீ தீவுல நிக்க வெச்சாலும் தெரிஞ்சதுதான், நிக்க வெக்காட்டியும் தெரிஞ்சதுதான். போடு."

பக்கத்தில் படம் ஏற்றும் உரிமை இன்னும் அவளிடம்தான் இருந்தது. முகப்புப் படத்தின் இடது மூலையை வட்டமான சின்னப் படம் மறைத்துவிடும், போனில் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். இத்தனை நாளும் அழகுக்காகப் பார்த்த அந்தக் கணக்கையெல்லாம் இப்போது கதவுக்காகப் பார்த்தாள். இரண்டு தாழ்ப்பாளும், அடியில் இருந்த திறப்பும், அந்த முகமும் எந்தத் திரையிலும் தப்பாதபடி நகர்த்தி வைத்தாள். ஒரு புள்ளியைக்கூட மெருகேற்றவில்லை. எழுத்து எதுவும் வைக்கவில்லை. ஏற்றினாள்.

முதல் கருத்து ஒரு கேள்விக்குறி. அடுத்தது, இது யார் என்று. பிறகு யாரோ ஒருத்தர், அடக் கடவுளே இது அக்காதான் என்று எழுதினார். தங்கை எழுதியது வார்த்தையாகவே இல்லை. எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. கிறுக்கியின் போன் அடித்தது. டைல்ஸ்காரர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். சிறிது நேரத்தில் பக்கமே காணாமல் போயிற்று.

ஆனால் அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். கேக்கம்மாளிடம் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் கேக் வாங்கிய ஒரு பள்ளி ஆசிரியை அதே தெருவில் இருந்தாள். அவள் போய்க் கதவைத் தட்டி, திறக்காததால் அக்கம்பக்கத்தைக் கூட்டினாள். கூட்டம் தெரு முழுக்க நின்ற பிறகு போலீஸ் வராமல் இருக்க முடியவில்லை. கேக்கம்மாளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். வெயில் பட்டதும் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாளாம். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த அறைக்குள் இருந்திருக்கிறாள். படம் எடுக்க மட்டும் வெளியே கொண்டுவந்திருக்கிறார்.

தங்கை ஊர் வந்து சேர்ந்து அக்காவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சாட்சி சொல்ல வேண்டியவள் என்பதால் கிறுக்கியை அந்த வீட்டுக்கு வரும்படி அவர்களுடைய வக்கீல் கேட்டிருந்தார். அண்ணியும் கூடப் போனாள். கேக்கம்மாள் சுவரோரம் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மூடிய கதவு அவளுக்கு ஆகவில்லை என்று அந்த அறையின் கதவு கழற்றி வராந்தாவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தங்கை கிறுக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேக்கம்மாள் அழவில்லை; அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படமெல்லாம் நீங்கதானா செஞ்சது?"

கிறுக்கி தலையசைத்தாள்.

"மாசா மாசம் கொண்டாந்து காட்டுவார். கீழ எழுதியிருக்கிறதையெல்லாம் படிச்சுக் காட்டுவார். பாரு, எல்லாரும் உன்னைப் பார்த்துட்டுத்தான் இருக்காங்க, யாருமே தேடலன்னு." அவள் குரலில் கோபம் இல்லை. "கத்துறதை விட்டது அதனாலதான். கடைசியில எனக்கே கொஞ்சம் குழம்பிடுச்சு. அந்தக் கடலுக்கு நான் போனேனா இல்லையான்னு."

கிறுக்கி மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தாள். அதைச் சொல்ல அங்கே இடம் இருக்கவில்லை. வரும் வழியெல்லாம் அண்ணி அவள் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தாள்.

டைல்ஸ்காரருக்கு ஜாமீன் கிடைத்தது. மனைவிக்குச் சித்தப்பிரமை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வாள், பாதுகாப்புக்காகத்தான் பூட்டினேன் என்று டாக்டர் சான்றிதழோடு அவர் தரப்பு சொல்கிறது. கடை திறந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கிறுக்கி செய்த படம்தான் இன்னும் இருக்கிறது, விருப்பங்களும் வந்துகொண்டிருக்கின்றன.

வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. கிறுக்கி முதல் சாட்சி. நேற்று மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, எதிரே பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் டைல்ஸ்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பேருந்து வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது. அவர் ஏறவில்லை, மேலே பார்க்கவும் இல்லை.

அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். ஜன்னல் திரையை இழுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் கிறுக்கி. நாற்காலியை ஜன்னல் பக்கமே திருப்பிப் போட்டுக்கொண்டு, வக்கீலின் எண்ணைத் தேடி எடுத்தாள்.