பதினோரு மேசை தாண்டிய கடல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பில் கிடைத்தது. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, யாரோ விட்டுப்போன மத்திய வங்கியின் பருவநிலை அறிக்கையைப் புரட்டினேன். நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில், 'கடல் குறித்த சொற்கள் உரிய அளவில் மென்மையாக்கப்பட்டுள்ளன' என்றிருந்தது. பல்வலி மறந்துபோயிற்று.

2

முதல் தொடக்கம்: ஆய்வுத் துறையின் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்

(வேண்டாம். பருவநிலைக் கதை என்றால் உடனே மழையா?)

இரண்டாவது: 'பதினைந்து ஆண்டுகளில் மீன்சந்தைத் தெருவுக்குள் கடல் வந்துவிடும்' என்று வங்கியின் ஆய்வாளன் எழுதினான்.

இது இருக்கட்டும்.

3

மத்திய வங்கியிலிருந்து ஒரு வாக்கியம் அப்படியே வெளியே போய்விட முடியாது. சந்தை மிரண்டுவிடும். பதினோரு மேசை தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேசையும் ஒரு சொல்லையாவது மென்மையாக்க வேண்டும். மாற்றாதவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டாம் மேசையில் 'வந்துவிடும்' என்பது 'வரக்கூடும்' ஆயிற்று. ஐந்தாம் மேசையில் கடல், நீர்நிலை ஆயிற்று. எட்டாம் மேசையின் துணை இயக்குநர் ஆய்வாளனைக் கூப்பிட்டார்.

"தெருவுக்கும் தண்ணிக்கும் நடுவுல தூரம் குறையுது, அவ்வளவுதானேப்பா?"

"ஆமா சார், ஆனா..."

"அப்போ நெருக்கம்னு போடு. கேக்கவே நல்லா இருக்கு."

கடைசியில் அச்சானது இது: 'அத்தெருவுக்கு நீர்நிலையுடனான நெருக்கம் படிப்படியாக மேம்படும்.'

4

[ஆய்வாளனுக்கு ஓர் அக்கா வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைக்குத் தோதாக வந்து நிற்கிறாள். நீக்கிப் பார்த்தேன், வெறும் ஆபீஸ் கிண்டல்தான் மிஞ்சியது. திரும்பக் கூப்பிட்டுவிட்டேன்.]

அந்த அறிக்கையை முழுதாகப் படித்த ஒரே ஆள் அக்காதான். பத்தொன்பது வருடம் தையல் மெஷின் மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். போன் செய்தாள்.

"டேய், மீன்சந்தைத் தெருவுல ஒரு வீடு பாத்திருக்கேன். மேம்படும்னு நீயே எழுதியிருக்க! மொத்த சேமிப்பையும் போட்டு, நாளைக்குக் காலைல பதிவு."

"அக்கா... கொஞ்சம் பொறுக்கா."

"ஏன்டா?"

காரணத்தைச் சொல்ல முடியாது. வங்கி விதி அப்படி. அறிக்கையில் இல்லாத ஒரு சொல்லையும் வெளியே பேசக்கூடாது. பேசினால் வேலை போய்விடும். பேசியே ஆக வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துப் பதினோரு மேசையிலும் ஒப்புதல் வாங்க வேண்டும். 'அக்கா, வாங்காதே, மூழ்கிவிடும்' என்று எழுதி, அவசரம் என்று சிவப்பு அட்டை கட்டி அனுப்பினான். மாலைக்குள் ஒப்புதலாகி வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக அங்கே எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை.

'அக்கா, நீர்நிலைச் சூழலில் வீடு வாங்குவதை ஆர்வத்துடன் பரிசீலிக்கலாம்.'

5

முடிவு அ: அதை அப்படியே வாசித்துக் காட்டுகிறான். அக்கா வாங்குகி

(என்னால் முடியவில்லை. பத்தொன்பது வருடம் மிதித்த கால்கள் அவை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான், வேலை போகிறது. "இதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று அக்கா அழுகிறாள்.

இரண்டையும் பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். வாசகர் மனம் நோகக்கூடாதாம். இப்படித் திருத்தி அனுப்பியிருந்தார்: 'அக்காவின் எதிர்காலம் ஈரமாகவும் நம்பிக்கையூட்டுவதாகவும் அமைந்தது.'

அதனால் முடிவை அவரிடம் கொடுக்கப் போவதில்லை. காலை மணி பத்தேகால். பதிவு அலுவலகத்தில் அடுத்த டோக்கன் அக்காவுடையது. பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள். நீங்கள் செய்த போனை எடுத்து "யாரு?" என்கிறாள். ஆய்வாளன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு வங்கி விதி ஏதும் கிடையாதே. சொல்லுங்கள். மென்மையாக வேண்டாம்.