இரண்டு கொம்பு போதும்

மூன்று மணிக்கு ஜெர்மனிக்காரர் வீடியோவில் வருவார். டி-ஷர்ட்டுகளை நேரலையில் பார்த்த பிறகுதான் சரக்கை ஏற்றச் சொல்வார். ஏற்கெனவே இரண்டு முறை படம் உறைந்து, பேச்சு பாதியில் அறுந்தது. இன்றும் அறுந்தால் ஆர்டர் கேன்சல். பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் மைதிலி தனியாகப் பிடித்த முதல் ஆர்டர் அது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் இசக்கிமுத்து அவள் முன்னால் பெரிய ரவுட்டர் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"எட்டு ஆன்டெனா மேடம்! இத மாட்டுனா ஊத்துக்குளி வரைக்கும் சிக்னல் போவும்லா."

"ஊத்துக்குளிக்கு நான் எதுக்குங்க சிக்னல் குடுக்கோணும்? எங்க செக்கிங் டேபிளுக்கு வந்தாப் போதும்."

'எட்டுக் கொம்பு ரவுட்டரா, இருக்கறதுலயே பெருசா வாங்கிட்டு வாங்க' என்றுதான் முதலாளி சுரேந்தர் பல்லடம் கிளம்பும்போது சொல்லியிருந்தார். மைதிலி அசரவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இதுக்குள்ள இருக்கற வைஃபை கார்டு ஏழு வருசத்துப் பழசுங்க. ஒரே அலைவரிசைதான் தெரியும். பக்கத்துக் கம்பெனி, மேல்மாடி, எங்காளுங்க செல்போனு, எல்லாம் அதே ரோட்லதான் நெருக்கீட்டு நிக்குது. கூட்டமில்லாத அஞ்சு கிகாஹெர்ட்ஸும் எடுக்கற கார்டு ஒண்ணு போடுங்க. அதுக்குத் தோதா ரெண்டு கொம்பு வெச்ச சின்ன ரவுட்டர் ஒண்ணு குடுங்க."

"எல்லாம் படிச்சிட்டுல்லா வந்திருக்கீய!"

பத்தே நிமிடத்தில் கார்டு மாறியது. கடையிலேயே ரவுட்டரை இயக்கிப் பார்த்தாள். படம் பளிங்கு மாதிரி ஓடியது.

கம்பெனிக்கு வந்ததும் ரவுட்டரை மாட்டச் சொல்லி சூப்பர்வைசர் சுப்பண்ணனிடம் கொடுத்துவிட்டு, டி-ஷர்ட்டுகளை அடுக்கப் போனாள். இரண்டே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தால், சிக்னல் ஒரே ஒரு கோடு!

கார்டு நன்றாக இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. அப்படியானால்...

"ஏனுங்கண்ணா, ரவுட்டர் எங்கீங்க?"

"பத்தரமா இருக்குது அம்மிணி." சுப்பண்ணன் பெருமையாகக் கைகாட்டினார். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி, பூட்டோடு. "பஞ்சு பறக்கற எடமில்லீங்களா? சுச்சு, ஃபியூசு, அல்லாத்தையும் இப்பிடித்தான வெக்கறோம்?"

"இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் எப்படீங்கண்ணா வெளிய வரும்? சாவி எங்கே?"

"மொதலாளி சாவிக்கொத்துலீங்க. பெட்டி தெறந்து கெடந்துச்சு, கதவ அழுத்துனதும் தானாப் பூட்டிக்கிச்சு."

சாவிக்கொத்து பல்லடத்தில். மணி இரண்டு ஐம்பது.

மைதிலி தையல் மிஷின் மேலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கீலில் ஆறு திருகு. ஒவ்வொன்றாகக் கழன்று விழ, கதவு பூட்டோடு அவள் கைக்கு வந்தது. ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சூப்பர்வைசர் ரூமுக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே பஞ்சு வராது. எதிரே செக்கிங் டேபிள். ஒயர்களைச் செருகிக் கண்ணாடியோரம் வைத்தாள். கோடுகள் முழுதாக எழுந்து நின்றன.

மூன்று மணி. ஜெர்மனிக்காரர் வந்தார். நாற்பது டி-ஷர்ட், ஒரு தடங்கல் இல்லை. கடைசி உருப்படியில் விரலை நீட்டினார். கழுத்துப்பட்டியோரம் அரை அங்குல நூல் பிசிறு.

"இத்தன தெளிவா தெரியோணுங்களா அம்மிணி?" சுப்பண்ணன் முணுமுணுத்தார்.

மைதிலி நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து, கேமரா முன்னாலேயே பிசிறை நறுக்கினாள். ஜெர்மனிக்காரர் சிரித்துவிட்டார். சரக்கை ஏற்றச் சொல்லிவிட்டார்.

சற்று நேரத்தில் சுரேந்தர் போனில் வந்தார். "எட்டுக் கொம்பு வேலையக் காட்டிருச்சாட்ட இருக்குது?"

"ரெண்டு கொம்புதானுங்க சார்" என்றாள் மைதிலி. "வரும்போது அந்த இரும்புப் பெட்டிச் சாவி மட்டும் கொண்டாந்துருங்க. கதவு தனியா பூட்டிக் கெடக்குது."