டோலிவர் மாவட்டத்துக்கு மதிப்பெண்

நாளைக்கே உலகம் அழிந்தால் தப்பிக் குடியிருக்கத் தோதான இடங்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் காரிக் பெல்லின் தொழில். பத்துக்கு எட்டு என்று அவன் போட்டுவிட்டால், டெக்சாஸ் பணக்காரர்கள் நேரில் வந்து பார்க்காமலேயே நிலம் வாங்குவார்களாம்.

வெர்னா ஸ்டக்கிக்கு அந்த எட்டு வேண்டியிருந்தது. அவள் கணவர் ஆர்வலுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்; போக மட்டும் தொண்ணூறு மைல். போன குளிர்காலத்தில் இரண்டு தடவை பனி சாலையை மறித்துவிட்டது. இரண்டாவது தடவை ஆள் பிழைத்ததே பெரிய விஷயம். நிலத்தை விற்றால்தான் அடுத்த பனிக்குள் ஆஸ்பத்திரிப் பக்கம் குடிபோகலாம். மூன்று வருடமாக ஒருவரும் கேட்டு வரவில்லை.

பெல் டோலிவருக்கு வந்தான். கால்சட்டையில் பதினோரு பைகள். ஒன்றிலும் மண் படவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டதை வெர்னா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். கலவரக் காலத்தில் கூட்டம் மொய்க்கிற இடம் ஒன்று குறைந்தது என்று அவன் மதிப்பெண் கூட்டினான். பள்ளிக்கூடம் மூடியதற்கு இன்னொன்று. வெள்ளத்தில் போன பாலத்தை அரசாங்கம் திரும்பிக்கூடப் பார்க்காததற்கு ஒன்றரை. எதிரி ஒரே வழியாகத்தானே வரமுடியும். இந்த ஊர் செத்த கதையை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

மனிதன் எவனிடமும் கையேந்தாமல் வாழவேண்டும் என்று, வெர்னா செய்த பீச் பழப் பணியாரத்தை மூன்றாம் தடவை கேட்டு வாங்கியபடி விளக்கினான்.

"பழம் நீங்க பறிச்சதா தம்பி?" என்று ஆர்வல் நாற்காலியிலிருந்து விசாரித்தார்.

பிறகு நிலத்திலிருந்த நீரூற்றைப் பார்க்கப் போனவன், முள்கம்பியில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வெளிறிப்போய்த் திரும்பினான். வெர்னா கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு தையல் போட்டாள். மூடிப்போன ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்ததாகச் சொன்னாள்.

அதைக் கேட்டதும் அவனுக்கு வலி மறந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் மருத்துவ வசதி என்று இடதுகையால் எழுதி, இரண்டு மதிப்பெண் சேர்த்தான். மொத்தம் ஒன்பது. வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வித்த பிறகும் இங்கதானே இருப்பீங்க மேடம்? ஓரமா ஒரு சின்ன வீடு கட்டித் தரச் சொல்றேன்."

"நாங்க போறதுக்குத்தான் விக்கிறோம்."

"அப்ப ரெண்டைக் கழிக்கணுமே," என்றான் வருத்தமாக. கழித்தான். மிச்சம் ஏழு. பக்கத்துக் கட்டத்தில், மக்களுக்கு மண்மீது பற்று குறைவு என்றும் எழுதிக்கொண்டான்.

வண்டி போன பிறகு ஆர்வல் கேட்டார்.

"இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அதை நம்பி ஒருத்தன் குடும்பத்தோட வருவான். அவன் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். நான் இருக்கமாட்டேன்."

"யாரோ ஒருத்தனுக்குப் பொய் சொல்ல மாட்டே. சரி. எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தக் குளிரைத் தாண்டிருவேனா?"

வெர்னா குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. நீர் கோத்த சதை மேலெழும்பவில்லை.

"தாண்டிருவீங்க," என்றாள்.