தெஸ்ஃபாயேவின் அப்பா பெயர்

டாக்டர் தெஸ்ஃபாயே எனக்குத் தர வேண்டியது பதினோராயிரத்து நானூற்று எண்பது ரூபாய். வைஷ்ணவியின் நர்ஸிங் படிப்புக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த பணம். இருபதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் மகளைப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். அதைத் தூக்கி ஒரு எத்தியோப்பியாக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்ததும் என் மனைவி தங்கம் என்னைத் திட்டவில்லை. "எங்கிருந்துய்யா உன்னையே தேடிப் பிடிக்கிறாங்க" என்று மட்டும் கேட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

யாரும் தேடிப் பிடிக்கவில்லை. டில்லியில் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் நான் காண்ட்ராக்ட் கூலி. கண்ணாடிக் கூடத்துக்கு மண் மூட்டை சுமப்பது, தொட்டி நிரப்புவது, தண்ணீர் விடுவது. அந்தக் கூடத்தில்தான் டாக்டர் கோதுமையில் விழுகிற துரு நோயை ஆராய்கிறார். இந்தியாவில் தங்க அவருக்குக் கொடுத்த அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டித்த காகிதம் கைக்கு வந்தால்தான் சம்பளம் என்று கணக்குப் பிரிவில் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ரங்கராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப் போகிறவர்.

"கம்ப்யூட்டர்ல அவனே அப்ளிகேஷன் போட்டுடுவான். வீட்டுச் சொந்தக்காரி, நோட்டரி இவாள்ட்டல்லாம் பேச ஹிந்தி தெரிஞ்ச ஆள் வேணும். நீதானேப்பா அவன்கூடவே இருக்கே. ஜல்தி முடிச்சுக் குடுத்துடு."

"லீவு போட்டா கூலி போயிடும் சார்."

"ரெண்டு நாள் வேலைப்பா."

அந்த ரெண்டு நாள் ஒன்பது நாள் ஆனது.

கரோல் பாக்கில் டாக்டர் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா, வாடகை பாக்கியைத் தீர்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். அப்புறம் போய்ப் பணத்தை எடுத்து வந்தேன். வாடகை, முத்திரைத் தாள், நோட்டரி, போட்டோ, ஆட்டோ என்று அது அப்படியே கரைந்தது.

அனுப்பிய விண்ணப்பம் நாலாம் நாள் திரும்பி வந்தது. வீட்டின் கரண்ட் பில் வேறு யார் பேரிலோ இருக்கிறதாம். கேட்டால் வீட்டுக்காரம்மாவின் மாமனார் பேர். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம்.

"பேரை மாத்தலையா அம்மா?"

"எதுக்கு மாத்தணும்? மாசாமாசம் பில் ஒழுங்காத்தானே வருது. அவர் ஒண்ணும் குறை சொல்லலையே."

மாமனாரின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கவே அந்த அம்மாவுக்கு இரண்டு நாள். அதையும் சேர்த்து அனுப்பினோம். மறுபடி திரும்பி வந்தது. நிலையம் கொடுத்த கடிதத்திலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. ஏழு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். மூடினால் டாக்டர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இங்கிலீஷ் எழுத்தை நான் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். படிக்கக் கற்றதே நாற்பது வயதுக்கு மேல். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கூட்டினேன். பாஸ்போர்ட்டில் பெயர் தெஸ்ஃபாயே, குடும்பப் பெயர் என்ற இடத்தில் கெப்ரு. கடிதத்தில் ரங்கராஜன் சார் அடித்திருந்தது ஜி. தெஸ்ஃபாயே. டாக்டரையும் கூட்டிக்கொண்டு நேரே சாரிடம் போனேன்.

"இதுல தப்பு எங்கே?" என்றார். "கெப்ருங்கறது அவன் அப்பா பேர். கேட்டுத் தெரிஞ்சுண்டுதான் போட்டேன். அவாளுக்கும் நம்மள மாதிரி குடும்பப் பேரே கிடையாது. அப்பா பேரை இனிஷியலாப் போட்டுத் தன் பேரை எழுதறதுதான் மொறை."

"பாஸ்போர்ட்டுல அப்படி இல்லையே சார்."

"அது பாஸ்போர்ட் அடிச்சவன் தப்பு."

"நீங்க மாத்தி அடிச்சுக் குடுத்தாப் போதும் சார். ஒரு வரி."

"மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஆபீஸ்ல என்னை மிஸ்டர் கஸ்தூரிரங்கன்னுதான் கூப்பிடறான். அது எங்கப்பா. அவர் இந்த ஆபீஸ் பக்கமே வந்ததில்லை. நாளைக்கு பென்ஷன்கூட அவருக்குத்தான் வரப்போறது. இந்தக் கூத்தை இன்னொருத்தனுக்கு என் கையால பண்ண மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாக்டர், உடைந்த ஹிந்தியில் கேட்டார். பையா என்றால் அண்ணன். "பையா, சார் என்ன சொல்றார்?"

"உங்க அப்பாவுக்காகச் சண்டை போடறார்."

"அவருக்கு எங்கப்பாவைத் தெரியுமா?"

எனக்கு ஒன்பது நாள் அலுப்பும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது.

"சார், கூலி போடற மஸ்டர் ரோல்ல என் பேரு என்னன்னு தெரியுமா?"

"அய்யாசாமி."

"இல்லைங்க. சடையன்."

"சடையன் வேற ஆளில்லையோ? பம்ப் ரூம்ல..."

"பம்ப் ரூமும் நான்தான். சடையன் எங்கப்பன். முதல் காண்ட்ராக்டரோட ஆள் கட்டத்தை மாத்தி எழுதிட்டான். ஆதார், பேங்க், எல்லாத்துலயும் அதே பேருதான். பதினாறு வருஷமா சடையன்னு கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கிறேன். சம்பளம் வருது, சோறு வேகுது. எங்கப்பன் ஒண்ணும் கோவிச்சுக்கலை."

சார் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு நடந்தது தப்புதான், இல்லேங்கலை. ஆனா உங்க கோவத்துக்கு இவர் ஏன் ஊருக்குப் போகணும்? இவர் போயிட்டா என் பதினோராயிரத்து நானூத்தி எண்பது ரூபாய்க்கு நான் அடிஸ் அபாபாவுக்கா போவேன்? இருபதாந்தேதி என் பொண்ணு பரீட்சை ஹால் வாசல்ல நிப்பா சார். இனிஷியலைக் காட்டினா உள்ள விடுவாங்களா?"

"உன் பணமா போட்டே?"

"பின்ன யார் பணம்? நீங்கதானே முடிச்சுக் குடுன்னீங்க."

சார் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒற்றை விரலால் அடித்தார். பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை வேண்டுமென்றே பலமாகக் குத்தினார்.

"இந்தா. தெஸ்ஃபாயே கெப்ரு. மனசுக்கு ஒப்பாம அடிச்சது."

"மனசு கடிதத்துல தெரியாது சார்."

"போடா" என்றார்.

காகிதத்தை டாக்டர் அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்பினார். எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னும் எதையாவது கேட்பார்கள், போட்டோவில் காது தெரியவில்லை என்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பதினேழாம் தேதி அனுமதி வந்தது. பத்தொன்பதாம் தேதி மத்தியானம் சம்பளம் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் தொட்டிகளுக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தபோது டாக்டர் கூடத்துக்குள் வந்தார். "பையா, ஒரு வருஷத்துக்குத்தான் குடுத்திருக்காங்க. அடுத்த வருஷம் மறுபடியும்..."

மண் அள்ளும் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அவர் ஒரு கவரை நீட்டினார். கையை டவுசரில் துடைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே எண்ணினேன். பதினேழாயிரத்து எழுநூற்று எண்பது இருந்தது.

"கூட இருக்கு டாக்டர் சாப்."

"ஒன்பது நாள் கூலி. ஒரு நாளைக்கு எழுநூறு. சார்கிட்டக் கேட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். தங்கத்தின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டு கவரைச் சட்டைக்குள் வைத்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.