சந்தனப் பொட்டு வைத்த டியூப்

“அத்தா, நம்ம வண்டி மட்டும் ஏன் போற எடமெல்லாம் ஒண்ணுக்கு இருக்கு?”

பாசிலா இப்படிக் கேட்டபோது அவள் பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கியிருக்கவில்லை. ஹாஜா முகைதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். ஜெகதாப்பட்டினம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஒழுகிய வண்டியை மட்டும் சரிசெய்யவில்லை.

இன்று அவர் கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடியற்காலைத் தொழுகை முடித்துச் சற்றுச் சாய்ந்தவர் பிறகு எழவேயில்லை. மகளோ வாசல் நடையில் குந்தி, வேறொரு வண்டியின் அடியில் அலுமினியக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

சவுதியில் மணல்காட்டு லாரி ஓட்டித் திரும்பியவர், போன வருடம் கறம்பக்குடியில் யாரோ விற்ற பழைய டர்ட் பைக்கை வாங்கிவந்தார். துறைமுகத்துக்குக் கடற்கரை மணலிலேயே போய்விடலாமாம். வண்டி இதுவரை தெருமுனையைத் தாண்டவில்லை. டாங்கியின் விளிம்பில் ஒழுகியது. துணிசோப்பைத் தேய்த்து அடைத்தார். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பில் ஒழுகியது, வாஷர் மாற்றினார். அப்புறம் கார்பரேட்டர் பக்கம் ஒழுகியது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செங்கல் அடுக்கி, வண்டியை நடையிலேயே நிறுத்திவிட்டார். கேட்டால், “நாளைக்கு முடிஞ்சிரும்” என்பார்.

“நான் வாங்குற சோப்பையெல்லாம் இந்தப் பிசாசுதான் தின்னுச்சு,” என்று அழுகைக்கு நடுவே அவர் மனைவி ஆபிதா அலுத்துக்கொண்டாள். “மய்யித்து வீட்டுல பத்தி மணக்கவேணாமா? பெட்ரோலுல்ல நாறுது!”

“பத்தியோட வர்றவுகளை நான் வாசல்லயே மடக்கிப் பிடுங்கி வைக்கிறேன் மாமி,” என்றாள் மருமகள் ரூமானா. “ஒரு பொறி போதும். மாமாவோட நம்மளும் சேந்தே போய்ரலாம்.”

திருச்சியிலிருந்து காலையில் ஓடிவந்திருந்த மகன் ரியாசுதீன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

“தூக்கி வெளிய போடலாம்னா, தூக்கத் தூக்க இன்னும் ஊத்துது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு சந்தூக்குப் பெட்டி இந்த வழியாத்தான் போகணும். மனுசன் போற அன்னைக்கும் வழிய மறிச்சு வச்சிருக்காரு பாரு!” என்றபடி டேப்பைப் பிடித்து முறுக்கினான்.

“அதைத் திருகாதண்ணே. அது அடைக்காது. டாங்கிய முழுசா வடிச்சாத்தான் நிக்கும்.”

“ஒனக்கென்னடி தெரியும்?”

“அத்தாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது நீயா, நானா?”

ரியாசுதீன் டேப்பிலிருந்து கையை எடுத்தான். கிண்ணம் நிறைய நிறைய, கேனில் ஊற்றிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தான். ஒருவழியாக டாங்கி காலியானது. டேப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூப்பைச் சுற்றியிருந்த கட்டுக்கம்பியை பாசிலா குறட்டால் பிரித்தாள். பொருந்தாத அகல டியூப். கம்பி போட்டு இறுக்கியும் ஒழுகாமல் என்ன செய்யும்? உருவிக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

டியூப்பின் நடுவே காய்ந்த சந்தனப் பொட்டு. அதன்மேல் துளி குங்குமம்.

இந்த வீட்டில் வண்டிக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. எதிர்வீட்டு உடையப்பன்தான் ஆயுத பூசையன்று தன் மொபெட்டின் கண்ணாடி முதல் கால்மிதிவரை ஒன்று விடாமல் வைப்பார்.

“அம்மா, இது உடையப்பன் மாமாவோடதா?”

ஆபிதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ஐஸ் பேக்டரியில ராவேலை பாத்துட்டு அவரு தூங்கையில ஒங்கத்தா கழட்டிட்டு வந்தாரு. வேற வாங்கி ரெண்டு நாள்ல மாட்டிர்றேன்னாரு. அன்னையிலருந்து அந்த மனுசன் வேலைக்கு நடந்துதான் போறாரு. ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போனேன். நாளைக்கு நாளைக்குன்னே போய்ச் சேந்துட்டாரு.”

பந்தலுக்கு நாற்காலி இறக்கிப் போட்டுக்கொண்டிருந்த உடையப்பன், வண்டியைத் தூக்கக் கைகொடுக்க உள்ளே வந்தார். பாசிலா டியூப்பை நீட்டினாள்.

“மாமா, இது ஒங்களது.”

அவர் பார்வை டியூப்பில் பட்டு, கூடத்துப் பக்கம் போய்த் திரும்பியது.

“அதுவா? நான்தான் தாயி மச்சானுக்குக் குடுத்தேன். வீட்டுல சும்மா கெடந்துச்சு. எனக்கு நடந்தாத்தான் சுகர் கொறையும்னு டாக்டரு வேற சொல்லிப்புட்டாரு.” அதற்குமேல் பேச விடவில்லை. “ரியாசு, அங்கிட்டுப் புடிப்பா. மெல்ல, மெல்ல.”

பாசிலாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பித் தராத ஆள் உள்ளே படுத்திருக்கிறார். திருப்பி வாங்காத ஆள் வெளியே வண்டி தூக்குகிறார். இருவருக்கும் நடுவில் அவள் கையில் ஒரு முழ டியூப்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்த அண்ணனிடம் டியூப் விஷயத்தைச் சொன்னாள்.

“தொழுகைக்கு முன்னாடி, எங்கத்தாவுக்குக் கடன் குடுத்தவுக எங்கிட்ட வாங்கிக்கங்கன்னு பள்ளிவாசல்ல சொல்லத்தானே போறேன்?” என்றான் அவன். “கேட்டா குடுத்துருவோம்.”

“அவரு கேக்க மாட்டாருண்ணே.”

“அப்ப விடேன். அவரே குடுத்தேங்குறாரு!”

“அது அவரு நல்ல மனசு ரியாசு,” என்றாள் ஆபிதா. “நமக்கும் ஒண்ணு வேணாமா? ஒங்கத்தா மேல மண்ணு தள்றதுக்குள்ள குடுத்துரணும்.” 

லுஹர் நேரத்தில் கலிமா முழங்க சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு தோள் உடையப்பனுடையது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். உடையப்பனின் மனைவி காத்தாயி ஆபிதாவின் கையைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்தாள். தெரு வெறிச்சென்றானது.

பாசிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

கூரைச் சார்ப்பின் கீழ் மொபெட் தூசி படிந்து நின்றது. டியூப்பை இறுக்கும் கிளிப்புகள் இரண்டையும் உடையப்பன் ஒரு துணியில் முடிந்து ஹேண்டில்பாரில் கட்டிவைத்திருந்தார். என்றைக்காவது டியூப் வரும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். கம்பி கடித்திருந்த நுனியை பாசிலா பிளேடால் நறுக்கினாள். பொட்டில் விரல் படாமல் ஒரு முனையை டேப்பிலும் மறுமுனையை கார்பரேட்டரிலும் செருகினாள். கிளிப்புகளை அமுக்கினாள். டேப்பைத் திறந்ததும் ஒரு குமிழியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் டியூப்பில் இறங்கியது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ரியாசுதீனின் குரல் கேட்டது. “எங்கத்தா யாருக்காச்சும் கடன்பட்டிருந்தா, எங்கிட்ட வந்து வாங்கிக்கங்க...” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. 

பாசிலா டியூப் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

விரல் நனையவில்லை.