எல்லோருக்கும் பிடித்த அத்தியாயம்

தன்னுடைய முறை வருவதற்குள் பிரஷாந்தினி ஒரு பொய்யைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்தது. மாவனல்லை பஜாரில் மக்கீன் நானாவின் புத்தகக் கடைக்கு மேல்மாடி. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடும் வாசகர் வட்டத்துக்கு மக்கீன் நானா ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் என்ன வாசிக்கிறார்கள், அதில் எது பிடித்தது என்று சொல்ல வேண்டும். புத்தகம் நல்லதா கெட்டதா என்ற வழக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அன்று முதலில் சொன்ன அம்ராவும், அடுத்துச் சொன்ன சாப்பாட்டுக் கடைக்காரரும், மூன்றாவதாகச் சொன்ன ஸாஹிரா டீச்சரும் ஒரே புத்தகத்தைத்தான் சொன்னார்கள். ஜனார்த்தனனின் நாவல். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் இருக்கும் ஒருவர் எழுதிய முதல் நாவல்.

"அந்த ஒன்பதாம் அத்தியாயம் ஈக்கிதே," என்றார் ஸாஹிரா டீச்சர், நெஞ்சில் கையை வைத்தபடி. "வேலாயி கணக்கப்பிள்ளட ஊட்டுக்கு நடந்து போற எடம். எனக்கு அழுகயே வந்திட்டு. எங்கட பக்கத்துத் தோட்டத்துல இப்பிடியெல்லாம் நடந்தீக்குதா எண்டு யோசிச்சுப் பாத்தேன். நாங்க ஒண்டுமே தெரியாம வாழ்ந்தீக்கிறம்."

"எனக்கும் அந்த அத்தியாயம்தான்," என்றாள் அம்ரா. "கடைசில அந்தப் பொம்புளப் புள்ள பிறக்குதே, அந்த வரிய நான் போன்ல எழுதி வச்சீக்கிறேன்."

பிரஷாந்தினியின் முறை வந்தது. "நான் இன்னும் அத படிக்கல," என்றாள். பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். அந்த நாவல் அவளுடைய கைப்பையில், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் இருந்தது.

ரம்புக்கனைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸேறி வந்து மாவனல்லையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள் அவள். கடையில் கூட்டமில்லாத நேரம் சாரிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவளை ஒருநாள் ஸாஹிரா டீச்சர் பார்த்துவிட்டார். முதலாளியிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். டீச்சரோ, "என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எந்தத் தோட்டம், எத்தனை பேர், ஏன் இன்னும் கலியாணமாகவில்லை, இவைதான் அவளிடம் கேட்கப்படுகிற கேள்விகள். அந்த மாதமே மாடியேறினாள். ஞாயிற்றுக்கிழமைக்காக மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

ஜனார்த்தனனின் நாவலை மக்கீன் நானா மேசையில் அடுக்கிய அன்றே முதல் ஆளாக வாங்கியவளும் அவள்தான். ஜனாண்ணன் அவர்கள் லயத்துக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் வளர்ந்தவன். அவனுடைய தாய் மத்திய கிழக்குக்குப் போயிருந்த காலத்தில் பிரஷாந்தினியின் அம்மா தங்கம்மாதான் அவனுக்கும் சேர்த்துச் சோறாக்கினாள். பெரியம்மா, பெரியம்மா என்று சுற்றி வருவான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு வந்து, "பழைய கதையெல்லாம் சொல்லுங்க பெரியம்மா" என்று போனில் பதிவு போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். தங்கம்மா கால்நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்படிச் சொன்னதில் ஒன்று ஒட்டுப்பால் கதை. பிரஷாந்தினி வயிற்றில் தங்குவதற்கு முந்திய மழைக்காலம். வாரக்கணக்கில் ரப்பர் பால்வெட்டு இல்லை, வேலையில்லை. மரத்துச் சிரட்டைகளில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைச் சுரண்டி எடுத்து, பஜாரில் விற்க மடியில் கட்டிக்கொண்டு வந்தபோது காவல்காரன் பிடித்துவிட்டான். அடுத்த நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அந்த ஒட்டுப்பாலையே மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டு நிற்க வைத்தார்கள். "நாத்தம் கொடல புடுங்குது. கழுத்துல கெடக்குறது பாம்பா மாலையான்னு எனக்கே தெரியல," என்று சொல்லித் தங்கம்மா சிரித்தாள். மறுநாள் கங்காணி வந்து வேலைக்குக் கூப்பிட்டான், போனாள். அவ்வளவுதான் கதை.

நாவலை பிரஷாந்தினி பஸ்ஸில் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினாள். பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் பிறகு அவளைத் தின்றது. பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணியில் குளிக்கும் பெண்களின் பேச்சு, பால் வாளியின் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்த நடை, எல்லாம் அச்சில் வந்திருந்ததைப் பார்த்து அவளுக்குப் புல்லரித்தது. ஒட்டுப்பால் மாலை வந்தபோது, "அட, அம்மா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அதற்கடுத்த பக்கத்தில் வேலாயி அன்று இரவு வேலையைத் திரும்பக் கேட்டுக் கணக்கப்பிள்ளையின் வீட்டுப் படியேறினாள். கதவு சாத்தப்பட்டது. பத்து மாதம் கழித்து லயத்தில் ஒரு சிவத்த பெண்குழந்தை பிறந்தது. புருஷன் தொட்டிலை ஆட்டினான், குனிந்து பார்க்கவில்லை என்று அத்தியாயம் முடிந்தது.

பிரஷாந்தினி சிவப்பு. அவளுடைய அப்பா அடுப்புக்கரி நிறம், அம்மாவும் கறுப்பு. "தங்கம்மா பெத்தது வெள்ளைக்காரி" என்று லயத்தில் கேலி பேசுவார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவர் செத்துப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அந்த வாரம் முழுவதும் துணிக்கடைக் கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் அவள் நின்று நின்று பார்த்தாள். ஜனாண்ணன் கட்டிவிட்ட கதை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுத்தாளரே வருகிறார் என்று மக்கீன் நானா அறிவித்தார். செய்தி எப்படியோ லயத்துக்கும் போய்விட்டது. தங்கம்மா நானும் வருவேன் என்று பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு தூரம் வந்து நம்மளப் பாக்காமப் போவானா? நான் போயிப் பாக்குறேன். எங்கையால சோறு தின்ன புள்ள."

வேண்டாம் என்று சொல்ல பிரஷாந்தினிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு, யோசிக்க யோசிக்க, போகட்டும் என்றும் பட்டது. அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் அவனுக்குக் கூசும். கூசட்டும்.

தங்கம்மா கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சாரியைக் கட்டிக்கொண்டு, ஈரப்பலாக்காய் ஒன்றைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடியில் அன்று கதிரை போதவில்லை. கூட்டம் ஆரம்பித்து எல்லோரும் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பேசினார்கள். கடைசி வரிசையில் இருந்த தங்கம்மாவுக்கு அத்தியாயம் ஒன்பது என்றால் என்னவென்று தெரியாது. ஜனா பேசுவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் முள் சிக்கியபோதெல்லாம் அவள் முதுகில் தட்டி எடுத்துவிட்ட பையன், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பேச்சின் நடுவே அவன் அவளைக் கண்டுவிட்டான். ஒரு கணம் தடுமாறினான். பிரஷாந்தினி காத்திருந்தாள். அவன் மைக்கை வைத்துவிட்டு, கதிரைகளை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்து, தங்கம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கண்கள் கலங்கியிருந்தன, பொய்யில்லை. கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனான்.

"எல்லாரும் வேலாயி யாருன்னு கேட்டீங்களே. இவங்கதான். எங்க பெரியம்மா. இந்த நாவலே இவங்க குடுத்ததுதான்."

மாடி அதிர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸாஹிரா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தங்கம்மாவைக் கட்டிப்பிடித்தார். மக்கீன் நானா எழுத்தாளருக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை ஜனா வாங்கித் தங்கம்மாவுக்குப் போர்த்தினான். போன்கள் உயர்ந்தன. தங்கம்மா வெற்றிலைக் கறைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவளுக்கு யாரும் அதுவரை கைதட்டியதில்லை.

"அங்க இருக்கிறது எம்மக," என்று அவள் மைக்கில் சொன்னாள். "ஒரே புள்ள. அதுவும் ஒங்களாட்டம் படிக்கும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்ராவின் பார்வை பிரஷாந்தினியின் முகத்தில், கையில், மறுபடி முகத்தில் பட்டுவிட்டு, சட்டென்று தரைக்குப் போனது. கெட்ட பிள்ளை இல்லை அது. அதனால்தான் தரையைப் பார்த்தது.

தேநீர் கொடுக்கும்போது பிரஷாந்தினி ஜனாவை மாடிப்படியோரம் மறித்தாள்.

"அது நடக்கலயே, ஜனாண்ணே."

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. "நாவல்தானே தங்கச்சி. ஒட்டுப்பால் மாலையோட முடிச்சா அது ஒரு துணுக்கு. எத்தன தோட்டத்துல எத்தன பொம்பளைகளுக்கு அப்படி நடந்திருக்கு! அவங்க எல்லாருக்குமாத்தான் எழுதினேன். பேரைக்கூட மாத்திட்டேனே."

"மாத்துனீங்க. மாத்திட்டு இன்னைக்கி எங்கம்மாவக் கையப் புடிச்சிக் கூட்டிப்போயி நிறுத்துனீங்க."

"மரியாத செய்யத்தானே..." என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெரியம்மாவுக்குத் தெரியாதுல்ல? நீ சொல்லாத," என்றான். கீழேயிருந்து யாரோ புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். அவன் பேனாவைத் திறந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கம்மா பொன்னாடையைக் கழற்றவேயில்லை. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்ணிடம், தன்னைப் பற்றிப் புத்தகம் வந்திருக்கிறது, மாவனல்லையில் ஆட்கள் கைதட்டினார்கள் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணும் நல்லது என்பதாக "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று தலையாட்டினாள்.

மறுநாள் விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் ஈரம், பால்வெட்டு இல்லை. துணிக்கடைக்கும் அன்று லீவு. தங்கம்மா தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அதப் படிச்சுக் காட்டு. என்னயப் பத்தி வாற எடத்த."

"பெரிய புத்தகம்மா. பொறகு பாப்போம்."

"எனக்கு வேலையா வெட்டியா? படி."

படித்தாள். ஒட்டுப்பால் மாலை வரைக்கும் படித்தாள். தங்கம்மா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "எம்புட்டு ஞாபகமா எழுதியிருக்கான் பாரு!" அங்கே பிரஷாந்தினி புத்தகத்தை மூடினாள். அவ்வளவுதான் என்றாள். தங்கம்மா படிக்காதவள்தான், ஆனால் மகளின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள்.

"இதுக்கா அந்த டீச்சரு என்னயக் கட்டிப்புடிச்சு அழுதுச்சு?"

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. சாக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் ஒன்றும் நிற்கவில்லை. பிரஷாந்தினி மறுபடி திறந்து, தலை நிமிராமல், கடகடவென்று படித்து முடித்தாள். படி, கதவு, குழந்தை, தொட்டில்.

தங்கம்மா தேத்தண்ணி கோப்பையைக் கையில் எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"அங்க இருந்த எல்லாரும் இதப் படிச்சவங்களா?"

"ம்."

"கைதட்டுனப்பவும், போட்டோ புடிச்சப்பவும் இதெல்லாம் தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியும்மா."

"நீயும் முன்னமே படிச்சிருந்த."

பிரஷாந்தினி புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"படிச்சிட்டுத்தான் என்னயக் கூட்டிக்கிட்டுப் போன."

"ஒன்னய நேருல பாத்தா அவருக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சேன்மா."

"அவனுக்கா?" என்றாள் தங்கம்மா. பிறகு நிமிர்ந்து மகளை நேராகப் பார்த்தாள். "நீ நம்புனியா?"

இல்லை என்ற சொல் பிரஷாந்தினியின் நாக்கில்தான் இருந்தது. அதை அவள் சொல்லவும் செய்தாள். ஆனால் கேள்விக்கும் அதற்கும் நடுவில், துணிக்கடைக் கண்ணாடி ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது. மூச்சு எடுக்கிற நேரம்தான். தங்கம்மா அந்த நேரத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஒங்கப்பன்," என்று ஆரம்பித்தாள். "ஒனக்குக் காச்சல் வந்தப்ப ஒன்னயத் தோள்ல போட்டுக்கிட்டு ரம்புக்கனை வரைக்கும் நடந்த மனுசன். செத்தவனையும் விட்டு வைக்கல." ஈரப்பலாக்காய்ப் பையை ஜனா வாங்க மறந்துவிட்டிருந்தான். அது மூலையில் கிடந்தது. அதை எடுத்துக் கத்தியைத் தேடினாள். தோலைச் சீவத் தொடங்கினாள். பிரஷாந்தினி உதவிக்குக் கை நீட்டினாள். தங்கம்மா பலகையை இழுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோது அடுத்த காம்பரா மல்லிகா, தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, போனும் கையுமாக ஓடிவந்தாள்.

"தங்கம்மாக்கா! ஜனா ஒங்க படத்தப் போட்டிருக்கு பேஸ்புக்குல! டுபாயில இருக்கிற எங்க அக்கா மகன்கூடப் பாத்துட்டுக் கோல் எடுத்தான். எம்புட்டுப் பேரு பாத்திருக்காங்க பாருங்க!"

போனைத் தங்கம்மாவின் மடியில் வைத்தாள். பொன்னாடை, கறைப்பல், விரிந்த சிரிப்பு. தங்கம்மா பலாப்பால் ஒட்டிய கையைச் சாரியில் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த முகத்தைத் தேய்த்தாள், கண்ணாடியில் ஏதோ அழுக்குப் பட்டதுபோல. முகம் மேலே நகர்ந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். முகம் பாதி மறைந்து, வாய் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இறங்கி வந்து முழு முகமாகச் சிரித்தது. விரல் வழுக்கிப் படத்துக்குக் கீழே எங்கோ பட்டது. அங்கே சின்னதாக ஒரு நீல விரல் எழும்பி நின்றது.

"பாத்தியா பிரஷா," என்று மல்லிகா கைகொட்டினாள். "ஒங்கம்மா தனக்குத் தானே லைக் போட்டுக்கிருச்சு!"

தங்கம்மாவின் கட்டைவிரல் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தது.